வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பிரித்தறிந்து தனிப்பயிற்சி தரக் கோரி மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

பெறுநர்:
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: 6-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சியும் சிறப்புப் பயிற்றுநரும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெற்றோர் எல்லோர் சார்பிலும் இதை எழுதுகிறேன். என் மகள் 6-ஆம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பாள். ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். அதே வகுப்பில் ஒரு பையனுக்குத் தமிழே தகராறு. 'பள்ளம்' என்று இருந்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு 'பள்ளி' என்பான். வாயால் கேட்டால் அறிவியலில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிற பிள்ளை அவன். இருவரையும் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று ஒரே பட்டியலில் சேர்த்து, ஒரே குறைதீர் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். எங்கள் மனக்குறை இதுதான்.

என் மகளுக்கு இருப்பது மொழிச் சிக்கல். 'கப்பல்' என்றாலும் 'தம்பி' என்றாலும் தமிழில் ஒரே பகரம்தான். இடம் பார்த்து வாய் தானாக ஒலியை மாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து. சரி, அதைப் பழகினாலும் 'கட்', 'புட்' என்ற சொற்களில் நடுவில் வருவது ஒரே 'யு', ஒலியோ வேறு. இதை யாரும் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. 2020-21-இல் இவர்கள் ஒன்றாம் வகுப்பு. கொரோனாவால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி போய்விட்டது. எழுத்தும் ஒலியும் பழகவேண்டிய காலம் அது.

அந்தப் பையனுக்கு இப்படிப் பொறுமையாகச் சொல்லித் தருவது மட்டும் போதாது. அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-ஆவது பிரிவில், இக்குறைபாட்டை இயன்றவரை சீக்கிரம் கண்டறியச் சொல்கிறது. இப்போதே சான்று பெற்றால்தான், 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்க முடியும். கடைசி நேரத்தில் மருத்துவமனைக்கு அலைய எங்களுக்கு வசதி இல்லை.

ஆகவே, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க உத்தரவிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் திணறுகிறவர்களை நாலைந்து பேராக உட்கார வைத்து, வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, எழுத்தின் ஒலியிலிருந்து தினம் அரைமணி நேரம் சொல்லித் தரட்டும். இரண்டிலும் திணறுகிறவர்களை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பார்க்க வேண்டும். அவர் எங்கள் பள்ளிக்கு எப்போதாவதுதான் வருகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, பாவம், சுற்றுவட்டப் பள்ளிகள் எல்லாம் அவர் தலையில்தான். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கும், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்திருக்கிறது. அந்த அளவு வரும்வரை, வாரம் இரண்டு நாளாவது அவர் இங்கே வர ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்று: இந்தப் பயிற்சிக்காக விளையாட்டுப் பீரியடைப் பிடுங்க வேண்டாம். அந்தப் பையன் சந்தோஷமாகப் பள்ளிக்கு வருவதே அதற்காகத்தான்.

சத்துணவுக் கூடத்தை ஒட்டிய சிறிய அறையைப் பெற்றோரே கூட்டிப் பெருக்கி, பாயும் வாங்கிப் போட்டிருக்கிறோம். பயிற்றுநர் வரும் நாளைத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் பெற்றோர்