தண்ணீர்மலைக் கல்

பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிலவியல் படிக்க இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ரொம்ப மகிழ்ச்சி. விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்பு. நானே தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன்.

தைப்பூசத்துக்கு வரும்போதெல்லாம் நாம் தண்ணீர்மலைக் கோயிலோடு திரும்பிவிடுகிறோம். கொஞ்சம் தள்ளியிருக்கும் அந்தப் பூங்கா, 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்குவதற்கு முன்பு கருங்கல் குவாரியாக இருந்த இடம். போன ஞாயிறு மழை விட்டதும் போனேன். நனைந்த கல்லில்தான் நிறம் நன்றாகத் தெரியும். கல் வெட்டியெடுத்த பாறைமுகத்தில், பாசி படியாத ஒரு வெட்டில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நகம் அளவுக்கு வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், இடையிடையே சாம்பல் நிறத்தில் பளபளக்கும் குவார்ட்ஸ், மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பு மைக்கா. இந்தத் தாதுக்கள் சேர்ந்ததுதான் கருங்கல். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறியதால்தான் தாது மணிகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கின்றன.

உங்கள் பத்துமலையோ கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்; வயது ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு. அங்கேயும் குவாரி வைத்து உடைத்தார்கள். இரண்டும் முருகன் மலைதான், ஆனால் கல் வேறு, குணமும் வேறு. சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்து குகையாகிறது. கருங்கல் இருந்த இடத்திலேயே மக்குகிறது. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் மணலாகத் தங்கும். நான் பார்த்த குவாரி வெட்டின் மேல்பகுதியில் கைபட்டாலே உதிரும் செம்மண், அதற்குள் இன்னும் மக்காத உருண்டைப் பாறைகள். அடைமழையில் ஊறினால் அந்த மண்ணுக்குப் பிடிப்பு போய்விடும்.

2017 அக்டோபரில் இங்கே தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) என்ற ஊரில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தது நினைவிருக்கும். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. மலைச்சரிவில் வீடு கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் இப்படி ஒரு வெட்டின் முன்னால் வந்து நிற்க வேண்டும். மற்ற இடங்களில் மலையின் உள்ளே இருப்பதைக் காடு மூடியிருக்கிறது. பழைய குவாரிதான் அதைத் திறந்து காட்டுகிறது.

அப்புறம், அவளிடம் சொல்லிவிடு: சுத்தியல் வேண்டாம், பூங்காவில் கல்லை உடைப்பது சரியில்லை. நல்ல காலணி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சாப்பாட்டைப் பைக்குள் வைத்து மூடிக்கொள்ளட்டும், குரங்குகள் விடாது.

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்