தணிப்பு நிதி ஜூனுக்குள் வரட்டும்

ஆசிரியருக்கு,

புயல் நிவாரணத்துக்குக் கிடைக்கும் கவனம், பேரிடர் வருமுன்பே பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கான தணிப்பு நிதிக்குக் கிடைப்பதில்லை. 2021-26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்றே பிரித்தது 15-வது நிதிக்குழு. அந்த நிதியில் தமிழகத்துக்கு மத்திய பங்கு 75 சதவீதம், மாநிலப் பங்கு 25 சதவீதம். பெரிய கடல்சுவர்களுக்கான பணமல்ல இது, ஊர்மட்டப் பணிகளுக்கானது.

பருவமழை அக்டோபரில் தொடங்கும்; அதனால் பணம் ஜூனுக்குள் வர வேண்டும். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு முடிந்து செப்டம்பர் கடைசியில் வாய்க்காலைத் தூர்வாரினால், கரையில் குவித்த மண் முதல் மழையிலேயே வாய்க்காலுக்குள் சரியும். மண்ணை அப்புறப்படுத்தும் லாரி வாடகையையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். (அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்!)

புயல் பாதுகாப்பு மையத்து ஜெனரேட்டர் ஓடாமலே கிடந்தால் பேட்டரி இறங்கிவிடும். மாதம் ஒருமுறை மின்மோட்டாரை இணைத்து அரைமணி நேரம் ஓட்ட, டீசலுக்கும் தொகை ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்கள்,
கடலூர்