மாப்ள, டுக்வியில் நான் சொன்ன ‘இல்லை’

மாப்ள,

ஹைலக்ஸை நேற்று விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் முன் பம்பரைத் தடவிப் பார்த்து, இந்த நெளிவு எப்படி வந்தது என்று கேட்டார். வாங்கும்போதே இருந்தது என்றேன். அந்தப் பொய்க்கு அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் பழைய நம்பர் எதுவும் போகவில்லை. இங்கே எழுதினால் எப்படியாவது உன் கண்ணில் படும்.

நமீபியாவில் விண்ட்ஹோக்கில் கிளம்பியது, போட்ஸ்வானாவுக்குள் வந்ததும் கான்சியில் பஞ்சர், மாவுனில் நீ வைத்த ரசம் எல்லாம் உனக்குத் தெரியும். கழுதைக்கு வருகிறேன்.

இருட்டிய பிறகு ஓட்டக்கூடாது என்று கிளம்பும்போதே சொன்னார்கள். சொன்னார்கள்தான். ஆனால் 2016 ஜனவரியில் விழுந்த சாப்மன் பொந்தன்புளி என்ற அந்தப் பெரிய மரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தது யார்? மணல் தடத்தில் உருட்டிக்கொண்டு போனோம். நாலா பக்கமும் சரிந்து கிடந்த அடிமரங்களுக்கு நடுவில், துக்க வீட்டில் நிற்பதுபோல நீ அரைமணி நேரம் பேசாமல் நின்றாய். அப்படி நிற்கிற உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும்தான். ஆனால் அந்த அரைமணியை என் கணக்கில் எழுதாதே.

க்வேட்டா தாண்டி நாட்டா வரை நூறு கிலோமீட்டர். வேலி இல்லாத சாலை, ஜூலைக் குளிர். தாரில் வெயிலின் சூடு மிச்சமிருக்கும் என்று மாடும் கழுதையும் அதன்மேல் வந்து நிற்கும். நான் எண்பதில்தான் வந்தேன். (நூறு என்று நீ சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி.) அந்தக் கழுதை விலகி ஓடியிருக்கும், ஆனால் முன்னங்கால்களில் தளை போட்டிருந்தது. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி ஒரு குதி குதித்தது. அவ்வளவுதான்.

தளை போட்டிருந்தால் சொந்தக்காரர் பக்கத்தில்தான் இருப்பார், நிறுத்து என்றாய். நான் நிறுத்தவில்லை. யானை நடமாடும் இடம், பின்னால் லாரி வரும் என்று என்னென்னவோ சொன்னேன். நிஜக் காரணம், பள்ளிக்கூடத்துக்கு ஆழ்துளைக் கிணறு என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தோமே, அந்தக் கதவைத் திறந்து இறங்க வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பணம் கொடுத்தவர்களும் இதைப் படிக்கிறார்கள். உங்கள் பணம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் இங்கே வேண்டாம்.

மறுநாள் காலை டுக்வி, கோமாரித் தடுப்பு வேலி. மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்கில் செருப்பைத் தேய்த்துவிட்டு நின்றோம். வண்டியில் பச்சை இறைச்சி இருக்கிறதா என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார். “இல்லை, ம்மா” என்றேன். அந்த ஊர் செட்ஸ்வானா மொழியின் ‘ம்மா’வும் நம் அம்மாவும் ஒன்றுபோலவே இருப்பதை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, நம்பர் பிளேட் திருகில் சிக்கியிருந்த சாம்பல் மயிரை இரண்டு விரலால் உருவி, ஊதிவிட்டார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஃபிரான்சிஸ்டவுனில் பையை எடுத்துக்கொண்டு காபரோனி பஸ் ஏறிவிட்டாய். எட்டு வருடம், ஒரு வார்த்தை இல்லை. நீ மட்டும் யோக்கியன், அப்படித்தானே? நாட்டாவில் அன்று இரவு நீயும்தான் சாப்பிட்டாய். விடிந்ததும் திரும்பிப் போய் விசாரிக்கலாம் என்று நீயும் சொல்லவில்லை. அந்த ஊருக்கும் அதே நிலையத்திலிருந்துதான் பஸ் போகிறது.

சரி, சண்டைக்கு எழுதவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

வண்டி விற்ற காசோடு அடுத்த மாதம் க்வேட்டா போகிறேன். கோட்லாவில், அதுதான் ஊர்க்கூட்டம் கூடும் இடத்தில், ஊர்த்தலைவரைப் பார்த்து, அந்தப் பக்கம் கழுதை வைத்திருந்தவர் யார் என்று கேட்கப்போகிறேன். எட்டு வருடம் கழித்தா என்று அவரே சிரிக்கலாம். அடித்த இடத்தில் ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது, அதன் எண்ணை நீ வாய்விட்டுப் படித்தாய். எனக்கு மறந்துவிட்டது. உனக்கு மறந்திருக்காது. நீ வர வேண்டாம், பேசவும் வேண்டாம், அந்த எண்ணை மட்டும் அனுப்பு.