இந்த வருஷம் எத்தனை இலை?

சுங்கை சிப்புட், மலேசியா
9.10.2025

அன்புள்ள தம்பி,

நல்லா இருக்கிறாயா. நான் நல்லா இருக்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரை தவறாமல் போடுகிறேன், அதைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கச்சி மகள் என் போனில் தமிழ் எழுத்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள், ஆனால் விரல் பக்கத்து எழுத்திலேயே போய் விழுகிறது, நாலு வரி அடிக்க அரை மணி நேரம். காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியும்.

விஷயம் இதுதான், ஆட்டுக்கறிக்குச் சொல்ல வேண்டும். தீபாவளி 20-ஆம் தேதி திங்கட்கிழமை, படையல் முந்தின நாள் ஞாயிறு. கறிக்கடைக்காரர் வரும் புதன்கிழமைக்குள் கணக்குச் சொல்லிவிடுங்கள், அப்புறம் வந்தால் ஆஸ்திரேலியா ஆடுதான் கிடைக்கும் என்கிறார். உறைந்த கறியை உன் அப்பா படத்துக்கு முன்னால் வைக்க எனக்கு மனசு வராது. உயிரோடு இருந்தபோதே அந்த மனுஷன் ஒரு வாய் வைத்துவிட்டு "இது எந்த ஊர் ஆடு" என்று கேட்டவர்.

கணக்கைக் கேள். ஈப்போ அக்கா வீட்டில் அஞ்சு பேர். கூலிம் சித்தப்பா, சித்தி, அவங்க மகன் குடும்பம் நாலு, ஆக ஆறு. பந்திங்கிலிருந்து தங்கச்சி குடும்பம் நாலு பேர், அவள் கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டாள், நம்ம ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவார்கள், யாராவது போய் ஏற்றி வந்தால் போதும். பெரியப்பா மகன் வீட்டில் மூணு. நான் ஒருத்தி. பத்தொன்பது. போன வருஷம் 23 இலை போட்டேன்.

பத்துப் பேருக்கு எலும்போடு மூணு கிலோ என்பது என் கணக்கு. பத்தொன்பது என்றால் ஆறு கிலோ வாங்கினால் சரியாகிவிடும், 23 என்றால் ஏழு. ஒரு கிலோ கூட வாங்கினால் குடி முழுகிப் போகாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கணக்கு கணக்குதான். பாட்டி சொன்ன கதை உனக்கும் ஞாபகம் இருக்கும், 1948-ல் ஜூன் மாதம் இங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்ட பிறகு அவசரகாலம் வந்து, அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்களாம். வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனால் கேட்டில் நிறுத்திச் சோதனை, காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அதில் வளர்ந்தவள் பாட்டி. சாகிற வரைக்கும் உலை வைக்கும் முன் வீட்டிலிருக்கும் தலைகளை விரல் விட்டு எண்ணுவாள். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. தலை தெரியாமல் எனக்கு உலை வைக்கத் தெரியாது.

அதிரச மாவை வியாழக்கிழமை பிசைந்து வைப்பேன், மூணு நாள் ஊறினால்தான் சுடும்போது விரியாமல் வரும். முறுக்கு இரண்டு டின் முடிந்துவிட்டது. அச்சு முறுக்கை மட்டும் இந்த வருஷம் தங்கச்சியிடம் விட்டுவிட்டேன், நின்று சுட முடியவில்லை. மசாலா மில்லில் அரைத்துக் கொண்டுவந்தாகிவிட்டது, இந்த மழையில் மல்லி காய அஞ்சு நாள் ஆனது. குக்கர்தான் தகராறு. ரப்பர் தளர்ந்துபோய்ச் சுற்றிலும் ஆவி அடிக்கிறது, விசிலே வருவதில்லை. எட்டு லிட்டர் குக்கர், நீ சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கி வந்தாயே, அதுதான். இங்கே ஈப்போ லிட்டல் இந்தியாவில் மூணு கடை ஏறி இறங்கிவிட்டேன், அந்த அளவு இல்லை.

நீ வருவதாக இருந்தால் ராத்திரி ஓட்டாதே. துவாஸ் பாலத்தில் நெரிசல் என்று நடு ராத்திரியில் கிளம்பும் வழக்கம் உனக்கு. போன வருஷம் மாச்சாப்பில் கண்ணை மூடிக்கொண்டு வந்ததாக நீயே சிரித்துக்கொண்டே சொன்னாய், அதில் சிரிக்க என்ன இருக்கிறது. சனிக்கிழமை விடிந்த பிறகு கிளம்பு. தாப்பாவில் நிறுத்தி முகம் கழுவி ஒரு காப்பி குடி. இருட்டிய பிறகு வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை, ராத்திரி முழுக்க ஓட்டாதே, அவ்வளவுதான்.

அப்பா திவசத்துக்கு நீ வரவில்லை. வேலை என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஐயர் "மூத்தவர் எங்கே" என்று கேட்டபோதுதான் கஷ்டமாகப் போயிற்று. சரி, விடு. இந்த வீட்டுக் கூரையை மாற்றியது யார், வாஷிங் மெஷின் யார் வாங்கியது, ஊருக்கே தெரியும். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து மகாத்மா காந்தி கலாசாலைக்குப் போன பிள்ளை இன்றைக்குச் சிங்கப்பூரில் இஞ்சினியர் என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம்ம மாக் சிக்கூட இப்போது என்னைக் கண்டால் அவரே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறார், இஞ்சினியர் எப்போது வருகிறார் என்று. அவருக்கு வழக்கம்போல ஹலால் கோழி வாங்கித் தனிச் சட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவேன். ஹரி ராயா பெருநாளுக்கு அவர் கொடுத்த லெமாங், அந்த மூங்கில் சோறு, நாலு நாள் தின்றோம்.

போன மாதம் குட்டி வீடியோவில் கூப்பிட்டானே, ஞாயிற்றுக்கிழமை. "பாட்டி, இது அப்பா ரூம்" என்று போனைச் சுற்றிக் காட்டினான். நீ பின்னால் எங்கோ குளித்துக்கொண்டிருந்தாய். ஜன்னல் நல்ல பெரிதாக இருக்கிறது. சின்ன ரைஸ் குக்கர் பார்த்தேன், தட்டுக் கூடையில் ஒரு தட்டு, ஒரு மங்கு கவிழ்த்து வைத்திருந்தது. பாத்திரம் உடனுக்குடன் கழுவி வைக்கிறாய், நல்ல பழக்கம். ரைஸ் குக்கரில் சோறு மட்டும் வைத்துவிட்டு டின் மீனோடு தின்னாதே, ஒரு முட்டையாவது அவி. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஈப்போ அக்காவிடம்கூட.

மருமகள் குடும்ப வாட்ஸ்அப்பில் இல்லை என்று தங்கச்சிதான் சொன்னாள். போன் மாற்றியிருப்பாள் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

இந்த இரண்டு வாரமாக விடாமல் மழை. மழை பெய்தால் எனக்குத் தோட்டத்து லயத்து வீட்டுத் தீபாவளிதான் ஞாபகம் வரும். ஐப்பசியில் ரப்பர் மரத்துப் பட்டை ஈரமாகவே இருக்கும், பாலுக்கு மரம் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் பிடிக்கிற மங்கில் பாலைவிடத் தண்ணீர்தான் அதிகம். எந்த மாதம் காசு வேண்டுமோ அந்த மாதம்தான் சம்பளம் குறையும். மளிகைக் கடைப் புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே போகும். லயத்தில் பத்து வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கிக் கூறு போடுவார்கள், உன் அப்பாதான் கூறு பிரிப்பார், ஒரு எலும்பு இங்கே அங்கே மாறாது. உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு வருஷம் நம்மால் ஒரு கூறுகூட எடுக்க முடியவில்லை. மற்றவர்கள் வீட்டுக் கூறை உன் அப்பா பிரித்துக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்து உட்கார்ந்தார். நம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. ஏம்மா நமக்குக் கறி இல்லை என்று நீ கேட்டாய். நம்ம ஆடு ஓடிப்போச்சு ஐயா என்று சொன்னேன். நீ புதுச் சட்டையோடு ரப்பர் காட்டுக்குள் தேடிப் போய்விட்டாய். சாயங்காலம் வரை காணோம், லயமே தேடியது. முழங்கால் வரைக்கும் சேறு, அட்டை கடித்த ரத்தம், "ரொம்ப தூரம் போயிருச்சும்மா" என்றாய்.

இதைச் சொல்லித் தீபாவளிக்குத் தீபாவளி எல்லாரும் சிரிக்கிறோம், நானும் சிரிக்கிறேன். உன் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், இனி என் வீட்டுத் தீபாவளியில் ஒரு குறை யார் கண்ணிலும் படக் கூடாது என்று. அதனால்தான் இத்தனை இலை, இத்தனை சட்டி, கோயிலிலிருந்து நாற்காலி, வாசலில் கூடாரம். கால் வீங்கினாலும் வெளியில் சொல்லிச் சாப்பாடு எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் அதனால்தான். நீங்கள் எல்லாரும் அதை அம்மாவுக்குச் சமையல்மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தம்பி, போன வருஷம் படையல் அன்று சாயங்காலம் நீ பின்கட்டுக்கு வந்தாய். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றாய். "அம்மா, ஒரு விஷயம் பேசணும்" என்றாய். "எண்ணெய் காயுதுடா, அப்புறம்" என்றேன்.

எண்ணெய் காயவில்லை. அடுப்பே எரியவில்லை. கேஸ் சிலிண்டர் தோங் முடிந்துபோய், கடைப் பையன் புதுசு கொண்டுவரவில்லை என்று நான் வெறும் குவாலிச் சட்டிக்கு முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் போன் போட்டதே நீதான். உனக்குத் தெரியும், எரியவில்லை என்று. நீ குவாலியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலி தூக்கப் போய்விட்டாய்.

என்ன பேச வந்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். மருமகள் வந்து இறங்கியதிலிருந்து அரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள், போனில் பேசுகிறாள் என்று நீ சொன்னாய், போன் பின்சீட்டில் குட்டி கையில் இருந்தது. பந்தியில் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தீர்கள். எல்லாம் பார்த்தேன். சித்தி வந்திருக்கிறாள், அக்கா மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வேண்டாம், இவன் ஊருக்குப் போய்ப் போனில் சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். பத்தாயத்தில் நெல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாசலில் கோலம் மட்டும் போட்டவள் நான். 23 பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ என் தோளில் கை வைத்திருக்கிறாய். மருமகள் ஓரத்தில், கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காலையிலிருந்து இடியாப்பம் பிழிந்தவள் அவள்தான். கடைசிப் பந்தியில் அவளுக்குக் கறிகூடத் தீர்ந்துவிட்டது, வெறும் குழம்பை ஊற்றினேன். அதையும் பார்த்தேன். அடுத்த வருஷம் ஒரு கிலோ கூட வாங்க வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது, பார்.

உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. நாலு பேர் வந்தாலும் வாருங்கள், நீயும் பிள்ளைகளும் என்றாலும் சரி, நீ ஒரு ஆள் என்றாலும் சரி. பிள்ளைகள் இந்த வருஷம் அவர்கள் அம்மாவோடு இருக்க வேண்டும் என்றால் அவளிடம் சண்டை போடாதே, முறுக்கு டின்னைக் கொடுத்து அனுப்புகிறேன். யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். போன் மாற்றிவிட்டாள் என்று இனிமேல் சொல்ல மாட்டேன். சித்தி கேட்பாள், கேட்கட்டும், அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரியாதா.

கடைக்காரரிடம் ஏழு கிலோ என்று சொல்லிவிடுகிறேன். மிஞ்சினால் மாக் சிக் வீட்டுக்கு அது ஆகாது, பிரட்டல் போட்டு நாலு நாள் தின்றுவிடலாம். தம்பூன் பொம்ளிமாஸ் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், உனக்காகத்தான், சித்தப்பா கண்ணில் படாமல் அலமாரி மேலே. சமையலை ஈப்போ அக்காவும் தங்கச்சியும் பார்த்துக்கொள்ளட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், கையில் கரண்டி இருக்காது.

ராத்திரி ஓட்டாதே.

குக்கர் ரப்பர் மறக்காதே, எட்டு லிட்டர். தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா.

அம்மா