பின்விளக்கை மறைத்த மழைக்கோட்டு

ஐந்தோவன், நெதர்லாந்து
டிசம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பிள்ளைகளை நான் இருட்டுல சைக்கிள்ல கூட்டிப்போற வீடியோவைப் பார்த்துட்டு அம்மா அழுதாங்கன்னு தம்பி சொன்னான். போன்ல சொன்னா பாதிதான் காதுல வாங்குவீங்க, அதான் எழுதறேன்.

அது ராத்திரி இல்லப்பா, காலை எட்டேகால். இந்த மாசம் சூரியன் எட்டரைக்கு மேலதான் எட்டிப் பார்க்குது, பள்ளிக்கூடம் எட்டரைக்கே. பாதிக்கு மேல தூரம் சைக்கிளுக்குன்னே போட்ட செந்நிறப் பாதை, கார் வராது. 1971-ல மட்டும் நானூறுக்கு மேல குழந்தைங்க ரோட்டுல செத்து, பெத்தவங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க. இந்தப் பாதைங்க சும்மா வந்துடலை.

பாதை முடியுற ரெண்டு தெருவுலதான் எனக்கு உயிர் கையில இருக்காது. இங்க வண்டி வலதுபக்கம் ஓடும். அதனால பெரியவன் வலது ஓரமா வருவான், காருக்கும் அவனுக்கும் நடுவுல நான். எதிர்காத்து அடிச்சா அவன் முதுகுல கைவச்சுத் தள்ளணும். எனக்குக் குரங்குப் பெடல் பழக்கினப்போ சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடிவந்தீங்களே, அதே கதைதான்.

இருட்டினா முன்னால வெள்ளை, பின்னால சிவப்பு விளக்கு எரியணும், இல்லாட்டி அபராதம். மினுக்கவும் கூடாது. எல்லாம் சரியா வச்சிருக்கேன்னுதான் இருந்தேன். அக்டோபர்ல ஒரு மழைநாள், ஒரு தாத்தா பக்கத்துல வந்து "பின்விளக்கு எரியலையே"ன்னார். இறங்கிப் பார்த்தா எரியுது! பின்சீட்டுல சின்னவளோட மழைக்கோட்டு தொங்கி, விளக்கை அப்படியே மூடியிருக்கு. எத்தனை நாள் அப்படிப் போனோமோ. வீடு வந்தும் கை நடுக்கம் நிக்கலை. இப்ப அவ சீட்டோட முதுகுலயே இன்னொரு விளக்கு மாட்டியாச்சு.

லாரின்னா தனிக் கணக்கு. வலதுபக்கம் திரும்பப் போற லாரி பக்கத்துல, என்ன பளபளப்புச் சட்டை போட்டிருந்தாலும் டிரைவர் கண்ணுக்கு நாம தப்பிடுவோம். "டிரைவர் மூஞ்சி தெரியுதாடா?"ன்னு பெரியவனைக் கேட்பேன். தெரியலைன்னா, பச்சை விழுந்தாலும் பின்னாலயே நிப்போம்.

ஹெல்மெட் இங்க பெரும்பாலும் யாரும் போடுறதில்ல. என் பிள்ளைங்க போடுதுங்க. அதை வச்சே வெளியூர்க்காரின்னு கண்டுபிடிக்கிறாங்க. பிடிக்கட்டும்.

அத்தான் ஜனவரியில ஊருக்கு வர்றாங்க, ரெண்டு விளக்கு கொடுத்துவிடறேன். போன் சார்ஜர்லயே சார்ஜ் ஏறும். விடியுமுன்ன பாலுக்குப் போற உங்க சைக்கிள்ல டைனமோ செத்துப் பத்து வருசமாச்சு. பீரோவுல பூட்டி வைக்காம மாட்டுங்க. துண்டு தொங்கி மறைக்குதான்னு ஒருதடவை பின்னாலயும் பாத்துக்கோங்க.

உங்கள் அன்பு மகள்