‘ரைட் ஆஃப்’ என்றால் தள்ளுபடி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கிகள் இத்தனை கோடி கடனை ‘ரைட் ஆஃப்’ செய்தன என்ற செய்தி தமிழில் பெரும்பாலும் ‘கடன் தள்ளுபடி’ என்றே வருகிறது. தங்கள் நாளிதழிலும் அப்படித்தான். இரண்டும் ஒன்றல்ல.

ஒருவர் வங்கிக்கு 50 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். தவணையோ வட்டியோ 90 நாளுக்கு மேல் வராவிட்டால் அது வாராக்கடன். அதற்கு ஈடாக வங்கி தன் லாபத்திலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கிக்கொண்டே வரும். முழுத் தொகையும் ஒதுக்கி முடிந்த பிறகு, இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அந்தக் கடனை எடுத்துவிடும். இதுதான் ‘ரைட் ஆஃப்’. கடன் வாங்கியவர் பெயரில் பாக்கி அப்படியே நிற்கிறது. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு தொடரும். அடமானச் சொத்து ஏலத்துக்கும் வரலாம். தள்ளுபடி என்பது 2021-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடிக்கு அறிவித்தது போன்றது: விவசாயி கட்ட வேண்டாம், அரசு கட்டும்.

‘ஆஃப்’ என்றாலே ‘அணை’, ‘நிறுத்து’ என்று பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. விளக்கை ஆஃப் பண்ணு, போன் ஸ்விட்ச் ஆஃப் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் விலகுதல், பிரிதல். பழைய ஆங்கிலத்தில் அதுவும் ‘ஆஃவ்’ (of) என்ற சொல்லும் ஒன்றே. அழுத்திச் சொன்ன வடிவம் பின்னால் ‘ஆஃப்’ (off) என்ற தனிச்சொல் ஆயிற்று. எது, எதிலிருந்து பிரிகிறது என்று கேட்டுப் பார்த்தால் பல பொருள்கள் தாமே பிடிபடும். ‘டேக் ஆஃப்’: சட்டை உடலிலிருந்து, விமானம் தரையிலிருந்து. ஆங்கிலம் பேசும் குதிரை வண்டிக்காரர் பேச்சில்கூட, ஆள் ஏறும் இடப்பக்கம் ‘நியர்’, எட்ட இருக்கும் வலப்பக்கம் ‘ஆஃப்’.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ‘கோ ஆஃப்’. விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் அடிக்கிறது. பால் என்றால் திரிந்துவிட்டது. அலாரத்தில் முறுக்கிவைத்த வில் பிடியிலிருந்து விடுபட்டுப் பாய்வதாக நினைத்துக்கொண்டால் மறக்காது; துப்பாக்கிக்கும் வெடிகுண்டுக்கும் அதே சொல்தான். தொழிற்சாலை அறிவிப்பில் ‘அலாரம் அடித்தால் உடனே வெளியேறவும்’ என்று வரவேண்டியது ‘அலாரம் நின்றால் வெளியேறவும்’ என்று வந்தால், தீப்பிடிக்கும்போது ஆட்கள் உள்ளேயே காத்திருப்பார்கள்.

செய்திப் பக்கத்தில் இன்னொன்று ‘லே-ஆஃப்’. அமெரிக்க நிறுவனச் செய்தியில் அது பெரும்பாலும் ஆட்குறைப்பு, வேலை போய்விட்டது. ஆனால் நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் அந்தச் சொல்லுக்குத் தந்த பொருள் வேறு. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் இல்லாமலோ, சரக்கு தேங்கியோ, இயந்திரம் பழுதாகியோ முதலாளியால் வேலை தர முடியாத நிலை அது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதி இழப்பீடு. நிரந்தரமாக ஆள் குறைப்பதற்கு அந்தச் சட்டத்தில் தனிச்சொல்லே இருந்தது. ஆலைத் தொழிலாளி ஒருவர் லே-ஆஃப் செய்தியை ‘பணிநீக்கம்’ என்று பத்திரிகையில் படித்தால், பிழைப்பே போயிற்று என்றுதானே நினைப்பார்? ‘தற்காலிக வேலையின்மை’ என்றால் தெளிவாக இருக்கும்.

‘ரைட் ஆஃப்’ என்பதற்குக் ‘கணக்கிலிருந்து நீக்கம்’ என்று போடலாம். தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘ரைட் ஆஃப்’ என்றே தமிழ் எழுத்தில் இருக்கட்டும். ‘தள்ளுபடி’ மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள வாசகர்,
மதுரை