மனநலம் பாதிக்கப்பட்டோர் உள்ள வீடுகள் குறித்து, பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியில் சில பிள்ளைகள் மாதம் ஒரு நாள் விடுப்பு எடுக்கிறார்கள். காய்ச்சலும் இல்லை, ஊர்த் திருவிழாவும் இல்லை. அம்மாவையோ அண்ணனையோ அழைத்துக்கொண்டு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறார்கள். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரைகளைச் சரிபார்த்துப் பையில் போட்டுக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்புகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை சுமக்கிற பாரமா இது? வீட்டில் வேறு ஆள் இல்லை, அதனால் சுமக்கிறார்கள்.

மனநோய்க்கு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் மாதத்தின் மற்ற நாட்களில் நோயுற்றவர்கள் இருப்பது நம் தெருவில்தான்.

இந்த மாத்திரைகளால் சிலருக்குத் தூக்கம் அசத்தும், கை நடுங்கும், நடை தளரும். அதைப் பார்த்து "சோம்பேறி", "காலையிலேயே குடித்துவிட்டார்" என்று சிலர் பேசுவது என் காதில் விழுகிறது. அந்தப் பேச்சுக்குக் கூசி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் ஆபத்து அதிகம். பிள்ளைகள் காது கேட்க அப்படிப் பேசாதீர்கள். மறுநாள் அது வகுப்பறைக்கு வந்துவிடுகிறது, அந்த வீட்டுப் பிள்ளை மதிய உணவுக்குத் தனியாகப் போய் உட்காருகிறது.

எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடுங்கள், மருந்து நிற்க வேண்டாம். யாரையும் கட்டிவைக்கவும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டோர் காப்பகம் ஒன்றில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தீயிலிருந்து தப்பி ஓட முடியாமல் மாண்டவர்களை நாம் மறக்கலாகாது.

கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது அந்த வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். உடல் தேறியவருக்கு அவர் முன்பு செய்த வேலையையே, தையலோ பூக்கட்டுவதோ, மறுபடி கொடுங்கள். நள்ளிரவில் பதற்றமாகிவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

மருத்துவமனை நாளில் அந்தக் குடும்பங்களுக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் போய்வர வேண்டும், பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை முடிவு செய்வோம். முன்வருகிறவர்கள் மாலை பள்ளி விட்டதும் என்னைப் பார்க்கலாம். எந்த வீடு என்பதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டேன்; அந்தக் குடும்பம் சம்மதித்த பிறகு, துணைக்குப் போகிறவரிடம் மட்டும் சொல்வேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி